மாமனார் முன்னால் பற்றவைக்காத பீடி

முதலில் வலித்தது இடது காலின் கெண்டைச்சதை. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்போது நான் ரைட்டராக இருந்தேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த பிறகு மேல்காட்டுக்கும் கீழ்காட்டுக்கும் நடந்து வேலையைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மலையில் பிறந்தவன் என்பதால் ஏற்றம் இறக்கம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம், மேல்காட்டுப் பாதையில் பாதி ஏறியதும் கெண்டைச்சதையைத் துணி பிழிவதுபோல யாரோ பிழிந்தார்கள். நின்றேன். சற்று நேரத்தில் விட்டுவிட்டது. ஏறினேன். மறுபடியும் பிடித்தது.

நிற்கும்போது சும்மா நிற்க மாட்டேன். ஒரு பீடியைப் பற்றவைப்பேன். பீடி முடிவதற்குள் வலியும் போயிருக்கும். அதனால் பீடிதான் வலியைப் போக்குகிறது என்று நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, கால்வலி என்று சொன்ன ஓர் ஆளுக்கு, “ஒரு பீடி போட்டுட்டு ஏறு, சரியாப் போயிரும்” என்று யோசனையும் சொன்னேன்.

மீசை அரும்பிய வயதில் தொடங்கிய பழக்கம். ஏற்காட்டில் பீடி பிடிக்கக் காரணம் தேட வேண்டியதில்லை. குளிர் ஒன்றே போதும். மழைக்காலத்தில் நாள் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும்போது, உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்த பீடியின் கங்கு ஒரு சின்ன அடுப்பு மாதிரி. காலையில் எழுந்ததும் ஒன்று, காப்பிக்குப் பின் ஒன்று, வேலை பிரித்ததும் ஒன்று. அப்புறம் காரணமே வேண்டாம், கை தானாகப் பைக்குள் போகும்.

புரட்டாசியில் இடது பாதம் நிறம் மாறத் தொடங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாகும். கட்டிலில் தூக்கி வைத்தால் மெழுகு மாதிரி வெளுக்கும். சுண்டுவிரலில் செருப்பு கடித்த சின்னக் காயம் ஒன்று ஆறாமல் இருந்தது. மஞ்சள் பத்துப் போட்டோம், வேப்பெண்ணெய் தடவினோம். காயம் பெரிதானதே தவிர ஆறவில்லை. படுத்தால் பாதம் தீப்பிடித்த மாதிரி எரியும். கட்டிலுக்குக் கீழே காலைத் தொங்கவிட்டுத்தான் தூங்கினேன்.

ஒரு நாள் மனைவி என் இரண்டு பாதங்களையும் இரண்டு கையால் பிடித்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, இந்தக் காலு மட்டும் சில்லுனு கெடக்குதே. செத்த காலு மாதிரி.”

“குளிருக்கு அப்படித்தான் இருக்கும்.”

“அந்தக் காலுக்கு மட்டும் குளிர் இல்லீங்களா?”

மறுநாள் இருவரும் பஸ் பிடித்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டர் நடுவயதுக்காரர். என் காலைத் தொடுவதற்கு முன்பே என் விரல்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சளேறியிருந்தன.

“பீடியா, சிகரெட்டா?”

நான் காலைக் காட்டப் போனவன். அவர் வாயைப் பற்றிக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. “பீடிங்க” என்றேன். பாதத்தின் மேல் பக்கத்தில் விரல்களை வைத்து, மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல் பார்த்தார். வலது பாதத்தில் உடனே கிடைத்தது. இடது பாதத்தில் இங்கும் அங்கும் தேடினார். கணுக்காலுக்குப் பின்னால் தேடினார். பிறகு கையை எடுத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துப் பேசினார்.

“காலுக்கு ரத்தம் கொண்டு போற குழாய் உள்ளுக்குள்ள சுருங்கி அடைச்சுக்கிட்டு வருது. நடந்தா சதை ரத்தம் கேக்கும், கிடைக்காது, அதனால வலிக்கும். நின்னா கேக்காது, வலி விட்டுரும். இதுக்குக் காரணம் பீடி. விட்டீங்கன்னா அடைப்பு இதோட நிக்கும், புண்ணு ஆற வழியிருக்குது. விடலீன்னா விரல் போகும், அப்புறம் பாதம் போகும், அதுக்கப்புறம் எதுன்னு நானே சொல்ல வேண்டியதில்லைங்க.”

“கொறைச்சுக்கிறேனுங்க.”

“கொறைக்கறதுங்கிற பேச்சே வேண்டாம். ஒண்ணு பிடிச்சாலும் ஒரு கட்டு பிடிச்சாலும் இந்தக் குழாய்க்கு ஒண்ணுதான்.”

அப்போதுதான் என் மாமனாரைச் சாட்சிக்கு இழுத்தேன். கொட்டச்சேட்டில் விவசாயம் பார்க்கும் மனிதர். எங்கள் சொந்தத்தில் யாராவது பீடியை விடு என்றால் உடனே அவரைத்தான் காட்டுவார்கள். அவர் குடிக்காத சுருட்டா, ஆள் கல்லு மாதிரி இல்லையா என்பார்கள். நானும் அதையே டாக்டரிடம் சொன்னேன்.

“காலையில எந்திரிச்சதும் இருமுவாரா?” என்று டாக்டர் கேட்டார்.

இருமுவார். அந்த இருமலில்தான் அந்த வீடே விழிக்கும். சேவல் கூவுவதைப்போல அதையும் நாங்கள் விடிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

“அவரு உடம்பு அவருக்குங்க. உங்க காலு உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். “ஊட்டுக்குள்ள வேற யாரும் பிடிக்காம பார்த்துக்குங்க. அந்த வாசம் பட்டாலே இவருக்குக் கை நீளும்.”

வார்டில் சேர்த்தார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். அந்த இடம் ஆறுவதுதான் இனிக் கேள்வி, ஆறாவிட்டால் அடுத்த விரல் என்றார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சேலத்துத் தறிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிடச் சற்றுத்தான் மூத்தவர். அவருக்கும் இதே வியாதி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கட்டைகளை ஊன்றிக்கொண்டு வார்டின் பின்பக்கம் போய் பீடி பிடித்துவிட்டு வருவார். நல்ல மனிதர். தன் வீட்டிலிருந்து வரும் இட்லியில் எனக்கும் பங்கு வைப்பார். ஒரு நாள் என்னையும் பின்பக்கம் கூப்பிட்டு ஒரு பீடியை நீட்டினார்.

“டாக்டரு சொல்றது சரிதானுங்க. நான் இல்லீங்கல. ஆனா போன காலு போயிருச்சு. இனி இதையும் விட்டுட்டு எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது, சொல்லுங்க?”

நான் வாங்கிப் பிடித்தேன். விரல் போன காலில் கட்டோடு, சுவரில் சாய்ந்து நின்று பிடித்தேன். அது இனித்தது என்பதை மறைத்துப் பயனில்லை. திரும்பி வந்தபோது மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வாசனை தெரிந்திருக்கும். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று மலைப்பாதையில் பஸ் ஏறிக்கொண்டிருந்தது. காற்றுக்கு முந்தானையைக் காதைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தவள், சட்டென்று கேட்டாள்.

“ஏனுங்க, எங்கப்பா முன்னால எப்பவாச்சும் பீடி குடிச்சிருக்கீங்களா?”

“அதெப்படிக் குடிப்பேன்?”

“அதுக்குத்தான் கேட்டேன்.”

எங்கள் சனத்தில் தகப்பன், தாய்மாமன், மாமனார் எதிரில் பீடி பிடிக்கும் வழக்கம் கிடையாது. அவர்கள் வருவது தெரிந்தால் கையிலிருப்பதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கீழே போட்டு மிதித்துவிடுவோம். நாம் பிடிப்பது அவர்களுக்குத் தெரியும், தெரியும் என்பது நமக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணெதிரே கூடாது. மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போகும் நாட்களில், சாப்பிட்டு முடித்ததும் காட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் ஒரு பர்லாங்கு தூரம் போய்ப் பிடித்துவிட்டு, வாயில் கொய்யா இலையை மென்று துப்பிவிட்டுத்தான் திரும்புவேன்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மனைவி என்னை நாகலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். “நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் எங்கப்பா ஊடு வரைக்கும் போயிட்டு நாளைக்கு வந்தர்றேன்” என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புருஷனை இப்படித் தனியே அனுப்புகிறாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அந்த வருத்தத்துக்கு இரண்டு பீடி பிடித்தேன்.

மறுநாள் மதியம் அவளோடு மாமனாரும் வந்து இறங்கினார். தலையில் உருமால், தோளில் கம்பளி, கையில் ராகி மாவு மூட்டை.

“வாங்க மாமா” என்று எழப்போனேன்.

“உக்காருங்க மாப்பிள்ளை, காலை அசைக்காதீங்க. ஊட்டுல கூரை மாத்தறாங்க. ஒரே தூசி. இருமல்காரன் நான் அங்க இருக்க முடியலீங்க. கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

மாமியார் காலமான பிறகு அவர் மகன் குடும்பத்தோடு இருந்தார். கூரை மாற்றுவது நடக்கக்கூடிய விஷயம்தான். நான் சந்தேகப்படவில்லை. என் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. அதை மெல்ல எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

எஸ்டேட் குவார்ட்டர்ஸ் என்பது ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, முன்னால் ஒரு தாழ்வாரம். அந்த வீட்டில் அவருடைய கண்ணில் படாமல் இருக்க ஓர் இடம் இல்லை. நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் அவரும் வந்து உட்காருவார். தோட்டத்துப் பக்கம் மெல்ல நடந்தால், “ஒத்தையில போகாதீங்க, வழுக்கும்” என்று கூடவே வருவார். கக்கூஸுக்குப் போனால்கூட எட்டத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருப்பார். காப்பிப் பழம் எடுக்கும் பருவம் தொடங்கியிருந்ததால், நடக்க வேண்டாம், களத்தில் உட்கார்ந்து பழம் அளக்கும் வேலையைப் பாருங்கள் என்று எஸ்டேட் துரை சொல்லியிருந்தார். அந்தக் களத்துக்கும் மாமனார் வந்தார். ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, காய்கிற காப்பியைக் கிளறிவிடும் பெண்களோடு மழை, மிளகு, பன்றி அழித்த காடு என்று பேசிக்கொண்டிருப்பார்.

முதல் சில நாட்கள் நான் மனிதனாகவே இல்லை. தலை கனத்தது. மலம் இறங்கவில்லை. ரசத்தில் உப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளினேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. பீடியைத் தவிர வேறெதையும் மனம் நினைக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்த தீப்பெட்டியை மனைவி அடுப்பங்கரைக்குக் கொண்டு போய்விட்டாள்.

மாமனாரும் சரியாக இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பேசிக்கொண்டே இருப்பவர் பாதியில் நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பார். கூர்மையாகவே இருக்கும் கொடுவாளை மறுபடி மறுபடி கல்லில் தீட்டுவார். ஆரஞ்சுத் தோலை உரித்து, அந்தத் தோலையும் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போடுவார். பெரியவர் என்பதால் அவர் என் எதிரில் தாராளமாகச் சுருட்டுப் பிடிக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் பிடிக்கவில்லை. அவர்மேல் அந்த வாசனையும் இல்லை.

சமையற்கட்டில் மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். “மாமா சுருட்டு கொண்டு வரலியா?”

“ஊட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லிட்டேனுங்க.”

“அவருக்கு என்ன கேடு? அவரு எதுக்கு விடணும்?”

அவள் களியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். “டாக்டரு சொன்னாருல்ல, ஊட்டுக்குள்ள யாரும் குடிக்கக்கூடாதுன்னு. அப்பாகிட்ட அப்படியே சொன்னேன். மடியில இருந்த சுருட்டை மாடத்துல வெச்சாரு. அப்புறம் கம்பளிய எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, நட கண்ணு போலாம்னாரு.”

கூரை வேலை என்று எதுவும் நடக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவர் எதிரில் உட்காருவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே தவிப்பு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. மருமகனிடம் மாமனார் சுருட்டுக்கு ஏங்குகிறேன் என்று சொல்வதா? மாமனாரிடம் மருமகன் வாய் பீடி கேட்கிறது என்று சொல்வதா? வெயிலில் காய வைத்த உப்பு நெல்லிக்காயை அவர் மடியில் முடிந்து வைத்திருப்பார். தவிப்பு ஏறும் நேரத்தில் மடியை அவிழ்ப்பார்.

“மாப்பிள்ளை, வாய் என்னமோ போல இருக்குதுங்க. ஒண்ணு போட்டுக்கறீங்களா?”

“குடுங்க மாமா.”

இருவரும் நெல்லிக்காயை அடக்கிக்கொண்டு களத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

உடம்பு சொன்னது வேறு. முதலில் எனக்குச் சளி வந்தது. இருமினால் கறுத்த சளி. விட்ட பிறகு இதென்ன புதுத் தொல்லை என்று பயந்தேன். கட்டு மாற்றப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். “நெஞ்சு தன்னைத்தானே பெருக்கிச் சுத்தம் பண்ணுதுங்க, பண்ணட்டும்” என்றார். புண்ணைப் பார்த்தார். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதை மனைவிக்கும் காட்டினார். அவள் குனிந்து, பூ பூத்த செடியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். விரலை எடுத்தபோதுகூட அவள் அழவில்லை.

மூக்குக்கு மோப்பமும் திரும்பியது. ஆனால் அது எனக்குக் கொண்டுவந்த முதல் பரிசு நாற்றம். பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகைக்குப் பின்னால் தோல் குவிந்து புளித்துக் கிடக்கும். அந்த எஸ்டேட்டில் அத்தனை வருஷம் இருந்தவன், ஒரு நாள் காலை மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன செத்துக் கெடக்குது?” என்று கேட்டேன். களத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். “எப்பவும் இருக்கறதுதானுங்க ரைட்டரே” என்றார்கள்.

அதே கொட்டகைக்குப் பின்னால்தான் இதுவும் நடந்தது. மார்கழி. காலையிலிருந்து சாரல், களத்தில் காப்பியைப் பரப்ப முடியவில்லை. மாமனார் எதையோ வாங்க நாகலூர்க் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் வந்த பிறகு நான் முதன்முறையாகத் தனியாக இருந்தேன். பல்பர் ஓட்டுகிறவரிடம் போய் நின்றேன். நான் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு பீடியும் தீப்பெட்டியும் கொடுத்தார். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அங்கே கூரை நீட்டலுக்கு அடியில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சுருட்டு. பற்றவைக்கவில்லை. மூக்கருகில் பிடித்திருந்தார்.

ஒருவரையொருவர் பார்த்தோம். என் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவருக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, அவர் பெரியவர். இருந்தாலும் அவரும் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

“மழைக்கு ஒதுங்கினனுங்க மாப்பிள்ளை.”

“நானும் அதுக்குத்தானுங்க மாமா.”

சாரல் கூரைத் தகரத்தில் சடசடத்தது. தோல் குவியலிலிருந்து ஆவி எழுந்தது. அந்த நாற்றத்தில் இரண்டு பேரும் எதற்கு வந்து ஒதுங்கியிருக்கிறோம் என்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். கடைசியில் அவர்தான் பேசினார், என்னைப் பார்க்காமல்.

“கடையில வாங்கிட்டனுங்க. வாங்கற வரைக்கும் ஒண்ணும் தோணல. வாங்கினதுக்கப்புறம், எங்க போய்க் குடிக்கறதுன்னு தெரியல. புள்ள முகத்துல எப்படி முழிக்கறதுன்னு இருக்குது. ஊட்டுல இருந்து கிளம்பும்போது அவகிட்ட சரின்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க.”

“நீங்க எனக்காக விட வேண்டாமுங்க மாமா. நீங்க குடிங்க.”

“நான் குடிச்சா நீங்க குடிப்பீங்க.”

அது சுத்தமான உண்மை. என் முதுகுக்குப் பின்னால் கை வியர்த்துப் பீடி நனைந்திருந்தது. அவர் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்துச் சுருட்டை இரண்டாக ஒடித்துத் தோல் குவியல்மேல் போட்டார். நானும் கையை முன்னால் கொண்டுவந்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் எதிரில் நான் பீடியோடு நின்றது அந்த ஒரு தடவைதான். அதையும் குவியலில் போட்டேன். தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

“ஊட்டுல சொல்லிக்க வேண்டாமுங்க” என்றார் வழியில்.

“சொல்லலீங்க.”

தை பிறந்த பிறகு ஒரு நாள் விடிந்து வெகுநேரமாகியும் வீட்டில் சத்தமில்லை. மனைவி பதறி எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடினாள். அவளுடைய அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். அவர் விழித்து, “என்ன சாமி?” என்றார்.

“இருமலையே காணோமேப்பா. பயந்துட்டேன்.”

அவர் எழுந்து உட்கார்ந்து, இருமிப் பார்ப்பதற்காக ஒருமுறை இருமினார். அது வெறும் தொண்டைச் செருமலாக வந்தது. அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். அன்று பகலில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த பலா மரத்தின் முதல் கிளை வரைக்கும் ஏறி, மூச்சு வாங்காமல் இறங்கினார். எதற்கு ஏறினீர்கள் என்று மகள் திட்டினாள். “சும்மாதான்” என்றார்.

பழம் எடுத்து முடிந்ததும் அவர் ஊருக்குப் போனார். அவர் போன மறுநாள் காலையில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இனி எதிரில் உட்கார ஆள் இல்லை. பையில் காசு இருக்கிறது. கடை இருக்கிறது. அன்று வேலை பிரித்தபின், பழைய பழக்கத்தில் மேல்காட்டுப் பாதையில் ஏறினேன். மெதுவாகத்தான் ஏறினேன். வழக்கமாக வலி பிடிக்கும் இடம் வந்தது, கடந்தது. சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் மேட்டுக்கு வந்த பிறகுதான் லேசாக இழுத்தது. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வலி போவதற்குப் பீடி தேவையில்லை என்று அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாலே போய்விடுகிறது. வலியைக் கொண்டுவந்ததையே வலிக்கு மருந்தாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன். இவ்வளவு எளிய விஷயம் உடம்பில் நடந்துகொண்டிருக்கும்போது மனம் எப்படி அதைத் தலைகீழாகப் படித்தது என்று யோசித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன விரல் போனதுதான். அடைத்த குழாய் திறந்துகொள்ளவில்லை. பக்கத்துச் சின்னக் குழாய்கள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன என்று டாக்டர் சொன்னார். இன்றும் மார்கழியில் இரண்டு காலுறை போட்டால்தான் இடது பாதம் சூடேறும். ஆனால் புண் ஆறியது, அடுத்த விரலை எடுக்க வேண்டி வரவில்லை. அடுத்த சித்திரையில் மேல்காட்டு உச்சி வரை நிற்காமல் போய்வந்தேன். தறிக்காரரைக் கட்டு மாற்றப் போன நாட்களில் இரண்டு தடவை பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. அவரிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாமா என்று சில நேரம் தோன்றும். அவருக்குத் தெரியாததல்ல. அவருக்குப் பக்கத்தில் வந்து சாக்கைப் போட்டு உட்கார ஓர் ஆள் வாய்க்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மாமனார் முழுதாக விட்டுவிட்டாரா என்றால், உடனே இல்லை. அந்த வருஷம் மலைக்கோயில் திருவிழாவில் சொந்தக்காரர்கள் கூடியபோது ஒரு சுருட்டைப் பிடித்தார். ஒன்று பலவாயிற்று. காலை இருமலும் திரும்பி வந்தது. மகள் போய், ஒரு முடிச்சு உப்பு நெல்லிக்காயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். மழைக்காலம் முடிந்ததும் அவரே கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“மறுபடி கூரை மாத்தறாங்களாப்பா?” என்றாள் மகள்.

“ஆமா கண்ணு” என்றார் சிரிக்காமல்.

இரண்டாம் தடவை தங்கிவிட்டுப் போன பிறகு அவர் சுருட்டைத் தொடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், நல்ல முதிர்ந்த வயதில், காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துப் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய வாரம் வரை காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கருமாதியன்று கொட்டச்சேட்டு வீட்டில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தார்கள். களி, கீரை, கோழிக்குழம்பு, ஆரஞ்சு. அப்போது அவருடைய தம்பி மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்து இலையோரம் வைக்கப் போனார்.

“அவருதான் விட்டுட்டாரேங்க” என்றார் யாரோ பின்னாலிருந்து.

தம்பி தயங்கி என் மனைவியைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இலையோரம் உருண்டிருந்த ஆரஞ்சை எடுத்து உள்ளே வைத்தாள்.

“வெய்யுங்க சித்தப்பா” என்றாள் பிறகு. “ஆசைய அடக்கிட்டு இருந்தாரு. இனி அவரு நெஞ்சுக்கு என்ன ஆகப் போகுது?”

சுருட்டின் புகை மெல்லிசாக எழுந்து கூரைக்குப் போயிற்று. அத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாசனைக்கு என் கை தானாகப் பைக்குள் போயிற்று. அந்த ஆசை செத்துவிட்டதாக நினைத்திருந்தேன். சாகவில்லை. படுத்திருக்கிறது. எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன். மேற்கே மேகம் கறுத்திருந்தது. களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் அள்ள வேண்டும் என்று மச்சான் ஆள் கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன்.